சத்தமில்லாத பெட்டி

அந்த வீட்டில் யாரும் சத்தத்துக்குப் பயந்ததில்லை. சத்தம் நின்றால்தான் பயம்.

ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும் வீடு. வாசலை ஒட்டிய முன்னறைதான் பட்டறை. அதைத் தாண்டினால் ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு நடை. நடையின் கடைசியில் பின்னறை. அங்கே இரும்புக் கட்டிலில், மூக்கில் குழாயோடு பெரியவர் படுத்திருந்தார். வாழ்நாளெல்லாம் கல் பாலிஷ் போடும் கொட்டகையில் வேலை பார்த்து, கல்லுக்குப் பளபளப்பைக் கொடுத்துவிட்டுத் தூசியைத் தான் வாங்கிக்கொண்டவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் உட்கார்ந்திருந்தது. அறைக் காற்றை இழுத்து, வடித்து, அவருக்கு ஊட்டும் மெஷின். இரவு பகல் பார்க்காமல் அடித்தொண்டையில் முனகிக்கொண்டே இருக்கும்.

"என் ரெண்டாவது சம்சாரம்" என்பார் பெரியவர். "மொதல் சம்சாரம் மாதிரியே முணுமுணுத்துக்கிட்டே இருக்கா. ஆனா இவ நிறுத்தினா நான் போய்டுவேன். அவ்வளவுதான் வித்தியாசம்."

அவருடைய மகனுக்குத் தெருவில் காயில்காரர் என்று பெயர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை வெட்டி எடுத்து, புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பது தொழில். கை எவ்வளவு சுத்தமோ காது அதைவிடச் சுத்தம். வெளியூர்க்காரர்கள் போனில் கூப்பிட்டு, போனை ஓடும் மோட்டார் பக்கத்தில் பிடிப்பார்கள். இவர் இங்கே உட்கார்ந்தபடியே கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "காயில் நல்லாதான் இருக்கு. பேரிங்கை மாத்துங்க, போதும்" என்பார். மாற்றினால் சரியாகிவிடும்.

ஆக்சிஜன் மெஷின் யாரோ உபயோகித்து விற்றது. வந்த புதிதில் கரண்ட் கொஞ்சம் தடுமாறினாலும் அதன் அலாரம் வீலென்று கத்தும். பெரியவர் திடுக்கிட்டு எழுந்து இருமி இருமி நீலம் பாரித்துவிடுவார். ஒருநாள் காயில்காரர் மெஷினைத் திறந்து அலாரத்துக்குப் போகும் ஒயரை வெட்டிவிட்டார்.

"என்னங்க, அத போய் வெட்டிட்டீங்க?" என்று மனைவி பதறினாள்.

"அது கத்தி இவரு சாகறதுக்கா? இந்த வீட்டுக்கு அலாரம் என் காது. நின்னா எனக்குத் தெரியாதா?"

தெரிந்தது. மெஷினின் மோட்டார் பழசு, சீக்கிரம் சூடேறும். அது எரிந்துபோகாமல் இருக்க அவரே ஒரு கட்-அவுட் பொருத்தியிருந்தார். சூடு மிஞ்சினால் பின்பக்கத்துச் சிவப்புப் பட்டன் துள்ளி வெளியே வந்து மோட்டார் நின்றுவிடும். ஆறிய பிறகு விரலால் அமுக்கினால்தான் மறுபடி ஓடும். அப்படி நின்றபோதெல்லாம், கையில் இருந்த கட்டிங் பிளையரோடு அவர் பின்னறையில் இருந்தார். மெஷின் ஆறும்வரை அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டரைத் திறந்து அப்பாவுக்குக் கொடுத்தார். பெரியவருக்கு மூச்சு முட்டியதே தெரியாது.

மனைவிக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. துணி மடித்து அட்டைப்பெட்டியில் அடுக்கும் கம்பெனியில் அவளுக்கு வேலை. திரும்பி வரும்போது கேட்டைத் திறந்து ஒரு நொடி நிற்பாள். முனகல் காதில் விழுந்தால்தான் தோள் இறங்கும். பிறகு நிதானமாகச் செருப்பை விட்டு, வாசல் குழாயில் கால் கழுவி, உள்ளே வருவாள்.

ஆனால் மெஷின் கிழடாகிக்கொண்டு வந்தது. புதிது வாங்க வேண்டும். வீட்டுச் செலவோடு சேர்த்து யோசித்தால் அது எட்டாத உயரத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் மைத்துனன் வந்தான்.

மனைவியின் தம்பி. செல்போன் கடையில் வேலை. வாய் ஓயாது. பெரியவர் அவனுக்கு வைத்த பெயர் செல்லு. ஒரு குளிர் நாளில் ஸ்கூட்டரில் மூன்று பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வந்து பட்டறை மேஜையில் இறக்கினான்.

"மச்சான், கரண்ட்டு நம்மகிட்ட காசு புடுங்குதுல்ல? இனிமே அது நமக்குக் காசு குடுக்கும்."

"மறுபடியும் ஆள் சேக்கற சங்கிலித் திட்டமாடா?" என்றாள் அக்கா.

"ஐயோ அக்கா, இது மைனிங். பிட்காயின் மாதிரி காயின் தோண்டுற மெஷின். உலகம் பூரா இந்த மாதிரி பெட்டிங்க இருக்கு. எல்லாம் சேர்ந்து கணக்கு போட்டுக்கிட்டே இருக்கும். நம்ம பெட்டி போட்ட கணக்குக்கு ஏத்த மாதிரி நம்ம போன்ல காயின் விழும். ஆள் வேணாம், சாப்பாடு வேணாம்."

"என்ன கணக்குடா?" என்று பின்னறையிலிருந்து பெரியவர் குரல் வந்தது.

"அதெல்லாம் நமக்குத் தேவையில்ல மாமா."

"தெரியாத கணக்கப் போடறதுக்கு நம்ம வீட்டுக் கரண்ட்டா? நல்ல பொழப்புடா செல்லு."

காயில்காரர் சிரிக்கவில்லை. எந்தச் சாமானையும் முதலில் தூக்கிப் பார்ப்பது அவர் வழக்கம். மூன்றையும் தூக்கிப் பார்த்தார். பெரியது, கடையில் ஒருவர் ஓட்டிச் சலித்து விற்றது. சாம்பல் நிறத்தில் இரும்புப் பெட்டி, இரண்டு பக்கமும் விசிறி. சின்னது உள்ளங்கையில் அடங்கியது. நடுவானது செருப்பு டப்பா அளவில் இருந்தது.

"போடு, கேப்போம்."

பெரியதைப் போட்டதும் பட்டறையில் பல்பு மங்கியது. விசிறிகள் ஊளையிட்டுக்கொண்டு கிளம்பின. மேஜையில் கிடந்த காகிதங்கள் பறந்தன. எதிர்வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்து, "என்னண்ணே, வீட்ல ஏரோப்ளேன் இறங்குதா?" என்றாள்.

"ஆஃப் பண்ணுடா. என் அப்பா இருமறதுகூட எனக்குக் கேக்கல" என்றார் காயில்காரர்.

சின்னதைப் போட்டார்கள். சத்தமே இல்லை. நீல விளக்கு மட்டும் மினுக்கியது.

"இது தேவலையே" என்றாள் மனைவி. "ஒரு மூலைல கிடக்கும்."

"கிடக்கும்க்கா. ஆனா இது லாட்டரி மாதிரி. அடிச்சா அடிக்கும், அடிக்காம ஆயுசுக்கும் மினுக்கிக்கிட்டே இருக்கும்."

"அப்ப நடு ஆளைப் போடு" என்றார் காயில்காரர்.

நடுவானது கரண்ட்டை அளவாகத்தான் எடுத்தது. பல்பு மங்கவில்லை. ஆனால் அதன் முன்பக்கத்தில் இருந்த இரண்டு குட்டி விசிறிகள் பல் கூசுகிற மாதிரி விசில் அடித்தன. காயில்காரர் முகத்தைச் சுளித்தார். பிறகு பின்பக்கம் கையைக் காட்டினார். வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் மோதியது. அவர் கை அங்கேயே நின்றது. அந்த வருஷக் குளிர் கொஞ்சம் கடுமைதான். பெரியவருக்குப் போர்வை மேல் போர்வை போட்டும் விரல் நுனி ஐஸாக இருந்தது.

"என்ன மச்சான் யோசிக்கிறீங்க?"

"இந்தச் சூட்டை வீணா வெளிய விடணுமா? நடைல அப்பா ரூம் சுவத்துல, மேல காத்துக்கு விட்ட வென்டிலேட்டர் ஓட்டை ஒண்ணு இருக்கு. அதுக்குக் கீழ பலகை அடிச்சு இத வெச்சா, சூடு நேரா உள்ள போகும்."

"பாத்தீங்களா? காயினும் ஆச்சு, ஹீட்டரும் ஆச்சு. நானே இத யோசிக்கலயே."

"விசில் சத்தம்?" என்றாள் மனைவி. "அவரு எப்படித் தூங்குவாரு?"

"சத்தம்தானே" என்றார் காயில்காரர். "அத எங்கிட்ட விடு."

இப்படித்தான் நடு ஆள் அந்த வீட்டுக்குள் வந்தது. ஓடித் தருகிற காசு மொத்தமும் புது ஆக்சிஜன் மெஷினுக்கு என்று மூன்று பேரும் பேசி முடித்தார்கள். பெரியவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த நாள் காயில்காரர் வேறு வேலை எதையும் தொடவில்லை. குட்டி விசிறிகளைக் கழற்றி எறிந்தார். பழைய கூலரிலிருந்து எடுத்த அகலமான விசிறி ஒன்றை, தகரம் வெட்டிப் பெட்டி முகத்தில் பொருத்தினார். அதன் மோட்டாருக்குத் தன் கையாலேயே புதுக் காயில் கட்டினார். ஓடவிட்டுக் கேட்டார். ஒரு இறக்கை லேசாகத் தட்டியது. எதிர் இறக்கையில் ஒரு பொட்டு வார்னிஷ் வைத்துக் காயவிட்டார். மறுபடி கேட்டார். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார், கேட்டார், பெட்டிக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்தார், கேட்டார். வீணை கட்டுகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒருபக்கம் சாய்த்திருந்தார். கடைசியில் அவர் காதுக்குத் துளியும் உறுத்தாத இடத்தில் அது வந்து நின்றது. அடித்தொண்டையில், சீராக, மெத்தென்று.

"இப்ப எங்க சத்தம்?" என்று மனைவியைக் கேட்டார். "ஓடுறதே தெரியல பாரு."

பலகையில் ஏற்றி ஓடவிட்ட அன்று, பெரியவர் வெதுவெதுப்பான காற்றில் போர்வையை விலக்கிவிட்டுச் சந்தோஷமாகப் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர் மகனைக் கூப்பிட்டார்.

"டேய். மூணாவது சம்சாரமும் வந்துட்டாளா?"

"வந்துட்டாப்பா. சூடு போதுமா?"

"சூடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ரெண்டு பேரும் ஒரே குரல்ல பேசறாளுங்கடா. எவ பேசறா, எவ வாய மூடிக்கிட்டான்னு எனக்கே தெரியல."

காயில்காரர் சிரித்துக்கொண்டே குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

மனைவி சிரிக்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து வந்தவள் கேட்டருகே வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றாள். உள்ளே வந்ததும் நேராகப் பின்னறைக்குப் போய் மெஷின் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு தோணுது. அந்தப் பழைய விசில் விசிறியே போட்டுடுங்களேன்."

"ஏன், நல்லா இருக்கறது புடிக்கலயா?"

"அப்ப எது எதுன்னு தெரிஞ்சுதுங்க. இப்ப வாசல்ல நின்னு கேட்டா ஒண்ணுதான் கேக்குது."

"உனக்கு ஒண்ணாக் கேக்கும். எனக்கு ரெண்டாக் கேக்கும். அது கம்ப்ரஸர் மோட்டார், இது விசிறி மோட்டார். முப்பது வருஷமா இந்தக் காதுதான் நமக்குச் சோறு போடுது."

"தெரியும். இருந்தாலும் சொன்னேன்."

"சொல்லிட்டல்ல, விடு."

அவர் பொய் சொல்லவில்லை. நின்று, கண்ணை மூடிக் கேட்டால் அவருக்கு இரண்டாகத்தான் கேட்டது. ஆனால் நாள் முழுக்க யாரும் கண்ணை மூடி நின்று கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

குளிர் போகும்வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. ராத்திரிச் சாப்பாட்டின்போது மைத்துனனுக்குப் போன் போட்டு, "விழுந்துச்சாடா?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. "விழுது மச்சான், கொஞ்சம் கொஞ்சமா விழுது" என்பான் அவன். பெரியவர், "எங்க விழுது? சத்தமே கேக்கலயே" என்பார். வீட்டில் பழைய கலகலப்பு எட்டிப் பார்த்தது. மருமகள் மாமனாருக்குக் கஞ்சியில் கொஞ்சம் கூடுதலாக நெய் விட்டாள்.

பிறகு வெயில் வந்தது. வந்த வேகத்திலேயே சுள்ளென்று ஏறியது. பட்டறைத் தகரக் கூரை மத்தியானத்தில் படபடவென்று வெடித்தது. தெருவில் புழுதி பறந்ததால் பின்னறைக் கதவையும் ஜன்னலையும் பகலெல்லாம் சாத்தியே வைத்தார்கள். ஒருநாள் கஞ்சி கொடுக்கப் போன மருமகள், பெரியவர் கழுத்தெல்லாம் வேர்த்திருப்பதைப் பார்த்தாள்.

"மாமா, புழுங்குதா?"

"குளிருக்குக் கூப்பிட்ட விருந்தாளிம்மா. வெயில் வந்தும் கிளம்ப மாட்டேங்கறா."

அவள் புருஷனிடம் வந்தாள். "அந்தப் பெட்டிய அங்கேருந்து எடுங்க. ரூம் அடுப்பு மாதிரி கொதிக்குது."

"எடுத்து எங்க வெக்கறது? பட்டறைல வெச்சா செம்புத்தூள் உள்ள போயிடும். புதுசா ஒரு இடம் பாத்து ஒயர் இழுக்கணும்."

"அதுவரைக்கும் நிறுத்தி வெய்யுங்க."

"இன்னும் கொஞ்ச நாள்ல மெஷினுக்கு முன்பணம் கட்டற அளவுக்கு வந்துரும்னு செல்லு சொல்றான். இப்போதைக்கு வென்டிலேட்டர அட்டை வெச்சு அடைச்சுடறேன். ஞாயித்துக்கிழமை இடம் மாத்திடறேன். சரிதானே?"

அவர் அட்டை வைத்து அடைத்தார். ஆனால் நடையில் தேங்கிய சூடு சுவர் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் போகிற இடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

ஞாயிறுக்கு முன்னால் ஒரு பெரிய வேலை வந்தது. தண்ணீர் டேங்க் மோட்டார். ஒரு குடியிருப்பு முழுக்கத் தண்ணீர் இல்லாமல் காத்துக்கொண்டிருந்தது. அன்று மனைவி வேலைக்குக் கிளம்பும்போது பின்னறையை எட்டிப் பார்த்து, "போய்ட்டு வரேன் மாமா" என்றாள். பெரியவர் கையிலிருந்த கரண்டியால் கட்டில் கம்பியில் ஒரு தட்டுத் தட்டினார். பேச்சை மிச்சம் பிடிக்க அவர் கண்டுபிடித்த பாஷை அது. தண்ணீர், கஞ்சி, போர்வை எதற்கும் அந்தக் கரண்டிதான்.

காயில்காரர் கம்பி சுற்ற உட்கார்ந்தார். சுற்றும்போது அவர் எண்ணுவார். உதடு மட்டும் அசையும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவரிடம் பேச மாட்டார்கள். வாடிக்கையாளர் வந்தால்கூட வாசலில் காத்திருப்பார். எண்ணிக்கை தப்பினால் சுற்றியது எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பிரித்த கம்பி மறுபடி உதவாது.

மத்தியான வெயில் கூரையில் இறங்கியது. வியர்வை புருவத்தில் வழிந்து சொட்டியது. முனகல் நடையின் வழியாக வந்து காதில் படிந்திருந்தது, சீராக, மெத்தென்று. அவர் கை சுற்றியது. உதடு எண்ணியது.

டங்.

கரண்டிச் சத்தம். எண்ணிக்கையை விடாமல் அவர் தலையை மட்டும் ஆட்டினார், அப்பா எதிரே இருந்து பார்க்கிற மாதிரி.

டங். டங்.

அவசரம் என்றால் மெஷின் நின்றிருக்கும். மெஷின் ஓடுகிறது. அப்படியானால் தண்ணீர்தான். இந்தக் காயில் முடியட்டும். இப்படி அவர் உட்கார்ந்து யோசித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. இத்தனை வருஷமாக அந்தக் காது அவருக்குப் பதிலாக யோசித்துப் பழகியிருந்தது.

கரண்டி இன்னொரு தரம் தட்டியது. பிறகு தரையில் விழுந்து உருண்டது. நழுவிவிட்டது போலிருக்கிறது என்று உதடு எண்ணிக்கொண்டே நினைத்தார். போய் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

காயில் முடிந்தது. முனையை முடிந்து, டேப் சுற்றி, "வந்துட்டேம்ப்பா" என்று குரல் கொடுத்தார். பதில் இல்லை. தூங்கியிருப்பார். தூங்கட்டும், அடுத்ததையும் முடித்துவிட்டால் டேங்க்காரன் சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வான். முனகல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அடுத்த காயிலை ஆரம்பித்தார்.

அதன் பாதியில் கரண்ட் போனது.

பட்டறை விசிறி நின்றது. நடையின் முனகல் மெதுவாக இறங்கி அடங்கியது. அந்த அமைதியில் அவர் எண்ணிக்கையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். கம்பி காலில் மாட்டி இழுபட ஓடினார். கதவைத் தள்ளியதும் சூடு முகத்தில் அறைந்தது. சிலிண்டரை இழுத்தார், குழாயை மாற்றினார், வால்வைத் திறந்தார். காற்று சீறிக்கொண்டு வந்தது.

"அப்பா. கரண்ட்டு போயிடுச்சு, பயப்படாத. இந்தா, இழு. இழுப்பா."

காற்று வந்துகொண்டே இருந்தது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. பெரியவரின் கை கட்டில் கம்பியைப் பிடித்தபடி இருந்தது. கண் கதவைப் பார்த்தபடி இருந்தது. உதடு கருநீலம்.

காயில்காரர் மார்பை அழுத்திப் பார்த்தார். கன்னத்தைத் தட்டினார். கூப்பிட்டார், திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். இப்போதுதானே கரண்ட் போனது, இப்போதுதானே நின்றது, அதற்குள் எப்படி என்று அவர் வாய் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்தது.

அப்படியே மெஷின் பக்கம் சரிந்து உட்கார்ந்தார். எந்த மோட்டாரைப் பார்த்தாலும் செய்வதைப்போல, அவரை அறியாமலே கை அதன் முதுகில் போய்ப் படிந்தது. இப்போது நின்ற மோட்டார் கையைச் சுடும். கொஞ்சம் முன்னால் நின்றது வெதுவெதுக்கும். எவ்வளவு நேரம் முன்னால் நின்றது என்று அந்தக் கை ஒருபோதும் தப்பாகச் சொன்னதில்லை.

அதில் அறையின் சூடு இருந்தது. மோட்டாரின் சூடு இல்லை.

விரல் பின்பக்கம் தடவிக்கொண்டு போனது. சிவப்புப் பட்டன் துள்ளி வெளியே நின்றது. அதன் நேர் கீழே, கட்டிலுக்கு அடியில், கரண்டி கிடந்தது.

அவர் எழுந்திருக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தாரோ, கரண்ட் வந்தது. பட்டறையில் விசிறி சுற்ற ஆரம்பித்தது. ஆக்சிஜன் மெஷின் அசையவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம், பலகையின் மேல், அவர் தன் கையால் கட்டிய காயில் மெல்ல உயிர்த்தது. இறக்கை தட்டாமல், உறுத்தாமல், அடித்தொண்டையில், முனகல் வீடு முழுக்கப் பரவியது.

வாசலில் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நொடி ஒன்றும் இல்லை. அவள் நிற்கிறாள். கேட்கிறாள்.

செருப்பு ஒவ்வொன்றாக, நிதானமாகக் கழன்றது. வாசல் குழாய் திறந்தது. தண்ணீர் காலில் விழுந்து சிமெண்டில் ஓடியது.

"ஏங்க," என்று அங்கிருந்தே கேட்டாள், "மாமா கஞ்சி குடிச்சாரா?"